இடப்பக்கம் சுற்றிய ரோஜா

மதினி,

முந்தாநாள் காலையில் சின்ன அறையின் தரை மறுபடியும் உள்வாங்கிவிட்டது. அரிசி டின் இருக்கும் மூலையில் முதலில் மெல்லிசாக ஒரு வெடிப்பு தெரிந்தது. நான் வாசலைப் பெருக்கிவிட்டு வருவதற்குள் டின் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நீங்கள் போன பிறகு மழை வந்துபோகும் போதெல்லாம் இந்த அறை இப்படித்தான் செய்கிறது. டின்னை நகர்த்திவிட்டு, உடைந்த மண்ணைச் சமப்படுத்தலாம் என்று கரண்டியால் கிளறினேன். நிலக்கரிச் சாம்பல் வந்தது. அதன் கீழே கறுத்த சகதி, ஒரு பல்பின் பித்தளைத் தலை, தொட்டதும் உதிர்ந்த ஒரு தகர மூடி. அதற்கும் கீழே கையில் ஏதோ வழுவழுவென்று பட்டது. இழுத்தேன். ரோஜாப்பூ.

ஒரு செம்புத் தண்ணீரில் கழுவியதும் சிவப்பு அப்படியே மேலே வந்துவிட்டது. அதைச் சுற்றிக் கிடந்த துணி மக்கியிருந்தது, அட்டை மக்கியிருந்தது. பூவில் ஓர் இதழ்கூட வெளுக்கவில்லை. காம்பைத் திருப்பிப் பார்த்தேன். பச்சை நாடா இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. பட்டறை முதலாளி சேட்டுக்குப் பிளாஸ்டிக் பூக் கட்டிய எத்தனையோ வீடுகளில் அப்படிச் சுற்றுகிறவர் நீங்கள் ஒருத்தர்தான்.

உங்கள் பாப்பா ஓடிவந்து கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. காம்புக்குள் இருப்பது கம்பி, கம்பி என்றாலே எனக்கு இப்போது பயம். தகரப் பெட்டிக்கு மேலே, அவளுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டேன். அவள் அழுதாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் வந்து குழியைப் பார்த்தார். பிறகு பின்கதவைத் திறந்து, நீங்கள் சண்டை போட்டு மீதி வைத்த அந்தப் பலகை அகல நாலா வாய்க்காலையும் பார்த்தார். பாப்பா அவர் காலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை எட்டிப் பார்த்தாள். அண்ணன் வெடுக்கென்று அவளைத் தூக்கிக்கொண்டார். “ஞாயித்துக்கெளம குப்ப லாரிக்குச் சொல்லுதேன். ரெண்டு லோடு போட்டா தரையும் எந்திரிச்சிரும், இந்தச் சனியனையும் மூடிரலாம். பிள்ள ஓட ஆரம்பிச்சிட்டால்லா” என்றார்.

அவர் சொன்னதில் என்ன தப்பு கண்டுபிடிக்க முடியும்? அவருக்குப் பிள்ளை ஒன்றுதான் மிச்சம். மூட வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். நான் பேசவில்லை. என்னை உங்களுக்குத் தெரியும். மளிகைக் கடையில் பருப்பைக்கூட விரலால் காட்டித்தான் வாங்குவேன். “ஊமைக் கொழுந்தியா” என்று நீங்கள் கேலி பண்ணுவீர்கள்.

நீங்கள் கல்யாணமாகி இந்தப் பம்பாய் வீட்டுக்கு வந்தபோது நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் இருந்தேன். அம்மா மாட்டுங்காவில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போய்விடுவாள், அண்ணன் தோல் கிடங்குக்குப் போய்விடுவார். குழாயில் தண்ணீர் பிடிக்கவும் உலை வைக்கவும் ஆள் வேண்டும் என்று என்னை நிறுத்தினார்கள். நீங்கள் பெட்டியை இறக்கி வைத்த கையோடு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டீர்கள். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி பின்னால் வந்து குப்பையைக் கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் டிரைவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தார். உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. “குப்ப கொட்டுதவனுக்கு உபசாரமா?” என்று என்னிடம் கேட்டீர்கள்.

நாம் இருக்கும் இடம் அப்படி உண்டானதுதான். முன்பு இங்கே சேறும் கண்டல் செடியும் கடல்தண்ணீரும்தான் இருந்தனவாம். ஊரிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நிற்க ஒரு சாண் தரை வேண்டும். அதனால் குப்பை லாரிக்காரர்களைப் பிடித்து, டீயும் பீடியும் கொடுத்து, ‘எங்கள் பக்கம் கொட்டு’ என்று கேட்டு வாங்குவார்கள். அதன்மேல் நிலக்கரிச் சாம்பல், அதன்மேல் மண், ஒரு மழைக்காலம் இறுகவிட்டு அதன்மேல் வீடு. வேறு எந்தப் பேட்டையிலும் குப்பை லாரி வந்தால் விரட்டுவார்கள். நம் ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டு கூப்பிடுவார்கள். இதை நான் சொல்லி முடித்ததும் நீங்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தீர்கள். “ஊரே கழிச்சுப் போட்டதுல வீடு கட்டி, அந்த வீட்டுக்கு என்னயக் கட்டிக் கூட்டிட்டு வந்திருக்காவ உங்க அண்ணன்” என்றீர்கள். அண்ணனும் சிரித்தார்.

ஆனால் மற்றப் பெண்கள் மாதிரி நீங்கள் கதவை மூடிக்கொள்ளவில்லை. லாரி வரும்போதெல்லாம் ஒரு குச்சியோடு போய்க் கிளறிப் பார்ப்பீர்கள். எடுப்பதற்கு இல்லை, பார்ப்பதற்கு. ஒரு கம்பி மட்டும் ஒடிந்த குடை, பாதி செண்டோடு ஒரு குப்பி, தையல் விட்டுப்போன புதுக் கவுன். ஒருநாள் அந்த வருஷத்து நாட்காட்டியே வந்தது. இன்னும் பாதி வருஷம் கிழிக்காமல் இருந்தது. படம் பிடிக்கவில்லையோ என்னவோ. “என்னத்த எல்லாம் தூக்கிப் போடுதாவ பாருட்டி. நம்மளயும் ஒருநாளு பழசாயிட்டுன்னு போட்டுருவாவ போல” என்பீர்கள். நமக்கு அப்போது அது வேடிக்கை.

பூ வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தது நீங்கள்தான். சுனாபட்டியில் ஒரு கொட்டகையில் இயந்திரம் வைத்துப் பிளாஸ்டிக் இதழ் அச்சடிக்கிறார்கள், வீட்டுக்குக் கொடுத்துக் கட்டி வாங்குகிறார்கள் என்று பக்கத்து வரிசையில் கேள்விப்பட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். ஒரு சாக்கு நிறையச் சிவப்பு இதழும் இன்னொரு சாக்கில் இலையும் கம்பியும் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்து வந்தோம். சின்ன இதழ் முதலில், பெரிய இதழ் கடைசியில். கம்பியில் கோத்து, கீழே பச்சைக் கிண்ணத்தைச் செருகி, பச்சை பிளாஸ்டிக் நாடாவைக் காம்பு முழுக்கச் சுற்றி, நாடாவின் முனையை விளக்குச் சுடரில் காட்டி ஒட்ட வேண்டும். அந்தப் புகை தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சாப்பிடும்போது சோறுகூட அந்த வாசனை அடிக்கும். நீங்கள் இடக்கைக்காரி. உங்கள் நாடா எல்லாம் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். பார்த்த மாத்திரத்தில் எது உங்கள் பூ, எது என் பூ என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு வித்தியாசமும் இருந்தது. கம்பியின் அடிமுனையை நீங்கள் பல்லால் கடித்து உள்ளே மடக்குவீர்கள். அதன்மேல் நாடாவைச் சுற்றுவீர்கள். எதற்கு என்று கேட்டேன். “யாரு வீட்டுப் பிள்ளையோ எடுத்து வெளையாடும். கையில குத்திரக் கூடாதுல்லா” என்றீர்கள். தீபாவளிக்கு முன்னால் சேட் அதைக் கண்டுபிடித்துவிட்டார். மடக்குவதால் காம்பு குட்டையாகிறது, ஜாடியில் நிற்கவில்லை என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்களாம். இனிமேல் நேராக வெட்டிவிடு, இல்லாவிட்டால் சாக்கு கிடையாது என்றார். நீங்கள் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தீர்கள். மறுநாளிலிருந்து எல்லாருமே நேராகத்தான் வெட்டினோம்.

அந்தத் தீபாவளிக்கு இரண்டு பங்கு சாக்கு வந்தது. படுக்க இடமில்லாமல் ரோஜாவுக்கு நடுவில் காலை மடக்கிப் படுத்தோம். அண்ணன் சட்டையை உதறினால் இதழ் விழும். நாம் கட்டக் கட்ட அவர்கள் இன்னும் கேட்டார்கள். ஒருநாள் நீங்கள் கையை நிறுத்திவிட்டு, “இம்புட்டுப் பூவும் யாரு வீட்டுலட்டி வைக்காவ? பம்பாயில அம்புட்டு மேசையா இருக்கு?” என்று கேட்டீர்கள். பதில் பண்டிகை முடிந்து கொஞ்ச நாளில் லாரியில் வந்தது.

அன்று நீங்கள் வழக்கம்போலக் குச்சியோடு போனீர்கள். ரொம்ப நேரம் திரும்பவில்லை. நான் போய்ப் பார்த்தபோது குப்பைமேட்டில் குந்தி உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் மடியில் ரோஜாக்கள். சிலவற்றில் தூசிகூட இல்லை. ஒரு கொத்து கடையில் சுற்றிக் கொடுத்த கண்ணாடித்தாளோடு, பிரிக்காமலே இருந்தது. நீங்கள் ஒரு காம்பை எடுத்து என் கண்ணுக்கு நேராகப் பிடித்தீர்கள். நாடா இடப்பக்கம் சுற்றியிருந்தது.

“நம்ம பூவுட்டி” என்றீர்கள். மடியில் கிடந்த காம்பு ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தீர்கள்.

சாயங்காலம் அம்மா வந்ததும் கேட்டீர்கள். அம்மாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அவள் வேலை செய்யும் வீட்டில் தீபாவளிக்கு மூன்று பேர் பூங்கொத்து பரிசு கொடுத்தார்களாம். ஒன்று திரைச்சீலையின் நிறத்துக்குப் பொருந்தவில்லை. இன்னொன்றை வைக்க இடமில்லை. பழைய பூவைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லலாம், அதைவிடப் புதிதாக வாங்கிவிடுவது சுலபம் என்று அந்த வீட்டம்மா சொன்னாளாம். அம்மாதான் எல்லாவற்றையும் குப்பைத்தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள். “நம்ம வீட்டுல கட்டுனதுன்னு எனக்கென்ன தெரியும்” என்றாள்.

மதினி, நான் பிறகு அதை நிறைய யோசித்திருக்கிறேன். நாம் கட்டி அனுப்புகிறோம். அவர்கள் வாங்கிப் பார்க்கிறார்கள். அம்மா தூக்கிப் போடுகிறாள். லாரி நம்மிடமே கொண்டுவந்து கொட்டுகிறது. நாம் டீ கொடுத்து வாங்கி அதன்மேல் படுத்துக்கொள்கிறோம். அன்றைக்கு இதை உங்களைப்போல வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அண்ணனிடம் சொன்னீர்கள். அண்ணன், “அதுக்காவ பூக் கட்டாம இருந்திருவியா?” என்று கேட்டார். இருக்க முடியாது. மறுநாள் காலையில் சாக்கைப் பிரித்தோம்.

அப்போது உங்களுக்கு முழுகாமல் இருந்தது. பிள்ளைக்கு ஓர் அறை வேண்டும் என்று முதலில் சொன்னதும் நீங்கள்தான். பின்கதவுக்கு வெளியே நாலாதான் இருந்தது. கழியிலிருந்து கடல்தண்ணீர் ஏறி வருவதும், நம் வரிசைகளில் பெய்த மழைத்தண்ணீர் இறங்கிப் போவதும் அதன் வழியாகத்தான். அண்ணன் லாரிகளை அந்தப் பக்கம் திருப்பினார். வாரத்துக்கு வாரம் நாலா ஒடுங்கியது. நமக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நீங்கள் மேட்டின்மேல் நின்று, இங்கே தொட்டில், இங்கே அடுக்கு என்று காலால் கோடு போட்டுக் காட்டினீர்கள்.

நாம் சித்தி முறையில் கூப்பிடும் மீன்கார மாவ்ஷி வந்து கத்தியது அந்த நாட்களில்தான். மீனவர் குப்பமான கோலிவாடாவிலிருந்து கூடையோடு வருவாளே, உங்களுக்கு மட்டும் ஒரு கைப்பிடி கூனி இறால் கூடுதலாகப் போடுவாளே, அவள். அன்றைக்குக் கூடை காலி. நாலாவின் அக்கரையில் நின்றுகொண்டு மராட்டியில் திட்டினாள். அவள் வீட்டுக்காரர் இந்தக் கழியில் வலை போட்டால் மீனுக்குப் பதிலாகக் கந்தலும் ரெக்ஸின் துண்டும் பூவும் வருகிறதாம். தோல் கிடங்குத் தண்ணீரால் கழி பாதி செத்தது, மீதியை நீங்கள் மூடிக் கொல்லுகிறீர்கள் என்றாள். கடைசியில் உங்கள் வயிற்றைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். துப்பிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நீங்கள் தினமும் பின்கதவில் நின்று தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தீர்கள். கடல் ஏறும்போது தண்ணீர் எதுவரைக்கும் வருகிறது என்று பார்த்தீர்கள். முன்பு சோறு வடிப்பதற்குள் இறங்கிவிடும் தண்ணீர், இப்போது மத்தியானம் வரைக்கும் நின்றது. ஒருநாள் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மீதி நாலாவை மூட வேண்டாம் என்றீர்கள். அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அறை கேட்டது நீதானே என்றார். ஆமாம், நான்தான் கேட்டேன், பாதி அறை போதும் என்றீர்கள். வரிசையில் எல்லாரும் சிரிப்பார்கள் என்றார். பேச்சு வளர்ந்தது. அம்மா நடுவில் வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தீர்கள். இந்த வீட்டில் முகத்தைத் திருப்பவும் இடம் கிடையாது.

கடைசி லோடு வந்த காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஆண்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். நீங்கள் அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு, நிறைவயிற்றோடு நடந்து போய் நாலாவுக்கும் லாரிக்கும் நடுவில் நின்றீர்கள். டிரைவர் ஹாரனை அழுத்தினார். நீங்கள் நகரவில்லை. உங்களுக்குத் தெரிந்த இந்தியெல்லாம் காய்கறிக்காரனிடம் பேசும் இந்தி. அதில் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

“பானி கிதர் ஜாயேகா?”

தண்ணி எங்கே போகும். ஆண்கள் சிரித்தார்கள். கிலோ என்ன விலை என்று கேட்கிற மாதிரி கேட்கிறாள் என்று ஒருவர் சொன்னார். அண்ணன் முகம் கறுத்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்தார். நீங்கள் அவரிடம் மெதுவாகத்தான் சொன்னீர்கள், நான் வாசலில் நின்றதால் கேட்டது: “ஒரு பலக அகலம் விடுங்க. உங்க பிள்ள அந்தத் தண்ணியில நிக்கணுமா?”

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். சாப்பிடப் போகிறேன், முடிவு பண்ணி வையுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் திரும்பி வந்தபோது, அண்ணன் ஒரு பழைய பலகையைக் கொண்டுவந்து நாலாவின் ஓரத்தில் குறுக்காகப் போட்டிருந்தார். அந்தப் பலகை எட்டும் அகலத்தை விட்டுவிட்டு மீதியில் கொட்டினார்கள். நீங்கள் உள்ளே வந்து ஆறிப்போன பாலை மறுபடியும் அடுப்பில் வைத்தீர்கள்.

மண்ணை ஒரு மழைக்காலம் இறுகவிட அண்ணனுக்குப் பொறுமை இல்லை. வெயில் காலத்தில் பாப்பா பிறந்தபோது அறை தயாராக இருந்தது. நீங்கள் காலால் கோடு போட்ட இடத்திலேயே தொட்டில் தொங்கியது.

பிறகு அந்த மழை. விடிந்ததிலிருந்து பெய்தது. அண்ணனும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்டார்கள், வரிசையில் பெண்களும் பிள்ளைகளும்தான். கடல் ஏறும் நேரமும் அதுவாக இருந்தது. முதலில் சின்ன அறையில், சுவரோரம் தண்ணீர் ஊறியது. பிறகு வாசல் வழியாக வந்தது. அடுப்பு அணைந்தது. நீங்கள் பாப்பாவை என் கையில் கொடுத்து என்னைத் தகரப் பெட்டிமேல் ஏற்றி நிற்கவைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தீர்கள். பலகை அகல நாலா முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. மேட்டிலிருந்து மழை அறுத்துக்கொண்டு வந்த கந்தல், ரெக்ஸின், பிளாஸ்டிக் தாள், எல்லாவற்றையும் பின்னிப் பிடித்துக்கொண்டு கம்பியும் பூவும். தண்ணீர் போக வழியில்லாமல் நம் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது.

நீங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துணி காயப்போடும் மூங்கில் கம்பை உருவி எடுத்தீர்கள். போகாதீர்கள் என்று நான் சொன்னது மழைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று குத்திக் குத்தி இழுத்தீர்கள். கொஞ்ச நேரத்தில் அக்கரையில் மீன்கார மாவ்ஷி வந்தாள். படகுக் கழியோடு இறங்கி அந்தப் பக்கமிருந்து இழுத்தாள். ஒருமுறை உங்கள் கம்பின் முனையில் ஒரு கொத்துச் சிவப்பு ரோஜா சிக்கி மேலே வந்தது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள்.

“ஏட்டி, சேட்டுகிட்ட போயிச் சொல்லு. சரக்கு திரும்பி வந்துட்டு.”

அந்த மழையில் நான் சிரித்தேன் மதினி. பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த அடைப்பு ஒரேயடியாக விட்டுப் போனபோது, தண்ணீர் உறுமிக்கொண்டு போன சத்தம் வரிசை முழுக்கக் கேட்டது. வீடுகளிலிருந்து தண்ணீர் இறங்கியது. நீங்கள் ஏறி வந்தபோது வலதுகால் பெருவிரலுக்குப் பக்கத்தில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. என்ன என்று கேட்டேன். “ஏதோ கம்பி. புடுங்கிப் போட்டுட்டேன்” என்றீர்கள். மஞ்சளைக் குழைத்து வைத்துக் கட்டினோம். இரண்டு மூன்று நாளில் அதை மறந்தும் போனோம்.

அதற்கப்புறம் ஒரு காலையில் வாயைத் திறக்க முடியவில்லை என்று கையால் காட்டினீர்கள். நான் முதலில் விளையாடுகிறீர்கள் என்று நினைத்தேன், என்னைப்போல ஊமை வேஷம் போடுகிறீர்கள் என்று. பெரிய ஆஸ்பத்திரியில் ரணஜன்னி என்று சொல்லி உங்களை இருட்டறையில் படுக்கவைத்தார்கள். வெளிச்சம் பட்டாலோ சத்தம் கேட்டாலோ உடம்பு வில்லாக வளையும் என்று நர்ஸ் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார். அண்ணன் உங்கள் பக்கத்தில் மூச்சுவிடவும் பயந்து உட்கார்ந்திருந்தார். நம் வீட்டிலேயே அதிகம் பேசுகிறவர் நீங்கள். உங்களைச் சுற்றி அவ்வளவு பேரும் பேசாமல் நின்றோம். பாப்பா அழுதுவிடுவாளோ என்று நான் அவளோடு வராந்தாவின் கடைசியில் நின்றேன். உங்களை நான் சரியாகப் பார்க்கவே முடியவில்லை.

எந்தக் கம்பி, யார் கட்டிய கம்பி என்று யாருக்கும் தெரியாது. அது பூக்கம்பிதானா என்பதுகூடத் தெரியாது. குப்பையில் எவ்வளவோ கம்பி. உங்கள் காரியம் முடிந்த மறுநாள் அம்மா எழுந்து, வீட்டில் மீதியிருந்த இதழ்ச் சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு சுனாபட்டிக்கு நடந்து போனாள். திரும்பி வெறுங்கையோடு வந்தாள். இப்போது நான் பழைய பேப்பரில் மளிகைக் கடைக்குப் பை ஒட்டுகிறேன். பூவில் கிடைத்ததில் பாதிகூட வராது. வாசனை மட்டும் பசை வாசனை. ஒட்டும்போது தமிழ்த் தாள் வந்தால் உங்களுக்கு வாசித்துக் காட்டுகிற மாதிரி மெதுவாக வாசித்துக்கொள்கிறேன்.

நாலாவையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கடல் இறங்கியதும் அதே மூங்கில் கம்பால் அடைத்ததை இழுத்துவிடுவேன். எதையும் கையால் தொட மாட்டேன், அண்ணனுடைய பழைய கிடங்குச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் நிற்பேன். தினமும் வருகிறது. முன்பைவிட அதிகமாக வருகிறது. இப்போது பிளாஸ்டிக் வாளி, பொம்மை, புட்டி என்று புதிது புதிதாக வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை என்று அண்ணன் சொன்னது இன்றைக்குத்தான். நேற்று முழுக்க நான் பை ஒட்டவில்லை. பழைய கூரைத் தகரத்தை இழுத்துவந்து, உங்கள் மூங்கில் கம்பை இரண்டாக அறுத்து நட்டு, கயிற்றால் இறுக்கி, பின்கதவுக்கும் நாலாவுக்கும் நடுவில் பாப்பாவின் தலைக்குமேல் உயரத்துக்கு ஒரு வேலி கட்டினேன். கம்பை அறுக்கும்போது மனது கேட்கவில்லை. நாலாவை இழுக்க இனி வேறு கம்பு தேட வேண்டும்.

லாரி வந்தது. அண்ணன் டீக் குவளையோடு வெளியே வந்து வேலியைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். நான் போய் லாரிக்குப் பின்னால், நீங்கள் நின்ற இடத்தில் நின்றேன். அங்கே இப்போது சுவர் வந்துவிட்டது, அதனால் கொஞ்சம் தள்ளித்தான் நிற்க முடிந்தது. வரிசை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். “ஏட்டி, உள்ள போ” என்று அண்ணன் அதட்டினார். அவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் முந்தின நாளே மனதுக்குள் கோத்து வைத்திருந்தேன். அதில் ஒன்றுமே வாயில் வரவில்லை. வந்தது உங்கள் இந்திதான்.

“பானி கிதர் ஜாயேகா?”

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். அதே டிரைவர்தான், மீசை நரைத்திருந்தது. முன்பு ஒரு பெண்ணும் இங்கே நின்று இதையே கேட்டாளே, அவள் எங்கே என்று அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது. “வேலி கட்டிட்டேன் அண்ணே. பிள்ள விழ மாட்டா. மூட வேண்டாம்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அண்ணன் குவளையை டிரைவரிடம் நீட்டினார். டீயைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அவர் குடித்துவிட்டு லாரியை எடுத்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் மதினி. லாரி நம் வரிசையின் முனையைக்கூடத் தாண்டவில்லை, அடுத்த வரிசையில் இரண்டு பேர் கையைக் காட்டி, இங்கே கொட்டு என்று கூப்பிட்டார்கள். கொட்டிய சத்தம் கேட்டது. அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தரைக்குச் செங்கல் உடைசல் கொண்டுவருகிறேன் என்றார் அண்ணன். பிறகு சுத்தியலை எடுத்து வந்து, என் வேலியில் தகரம் ஆடிக்கொண்டிருந்த இடத்தில் ஆணி அடித்தார். அடித்து முடித்ததும் தகரத்தின் ஓரங்களைச் சுத்தியலால் தட்டித் தட்டி மடக்கினார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

இப்போது மத்தியானம். கடல் இறங்குகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் போகும் சத்தம் கேட்கிறது. பாப்பா தகரப் பெட்டிக்குக் கீழே நின்று, முந்தாநாளிலிருந்து விடாமல், “பூ, அத்த, பூ” என்கிறாள். எடுத்தேன். காம்பின் அடிமுனையில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினேன். விரலை வைத்து அழுத்தித் தடவிப் பார்த்தேன். கம்பி உள்ளே மடங்கியிருந்தது. அதன்மேல் நாடா இறுக்கமாகச் சுற்றியிருந்தது.

அவள் கையில் கொடுத்தேன்.